வெண்பனியும் காரீயமும்

பனி என்றால் தென்னாட்டில் பிறந்தவர்க்கு மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளிதான் நினைவுக்கு வரும். மலைச்சரிவெங்கும் உப்பளம்போல் பரந்து கிடக்கும் உறைபனியைக் கண்ணாரக் காண்பது, பிழைப்புக்காக வடக்கே வந்த பின் நம்மில் பலர்க்கு வாய்த்த பேறு. 2023-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், விடுப்புப் பயணச் சலுகையைப் பயன்படுத்திக்கொண்டு, என் தாயார், மனைவி, நான்கு வயது மகள் ஆகியோருடன் மணாலிக்குச் சென்றிருந்தேன். சோலங் பள்ளத்தாக்கில் வண்டியை விட்டு இறங்கியதுதான் தாமதம். குழந்தை இரு கைகளாலும் பனியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். என் மனைவி பதறிப்போய் அவள் கையைத் தட்டிவிட்டாள். என் தாயாரோ சிரித்துக்கொண்டே, "விடும்மா, வானத்திலிருந்து நேரே விழுந்தது. இதைவிடச் சுத்தமான பொருள் உலகத்தில் வேறென்ன இருக்கப்போகிறது?" என்றார்.

அந்தக் கேள்விக்கு அன்று எங்களில் எவரும் விடை சொல்லவில்லை. விடை தேடவேண்டிய நிலை இரண்டு மாதங்களுக்குப் பின் வந்தது.

குழந்தை சில காலமாகவே வெளிறிப் போயிருந்தாள். அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள். ஒன்றுமில்லாததற்கெல்லாம் சினந்து அழுவாள். இரும்புச்சத்து மருந்து கொடுத்துப் பார்த்தோம், சோகை விலகவில்லை. தில்லியில் நாங்கள் காட்டிய குழந்தை மருத்துவர் ஒரு மூதாட்டி. அவர் குழந்தையைப் பார்த்த நேரத்தைவிட எங்களைக் கேள்வி கேட்ட நேரமே மிகுதி. வீட்டில் பழைய வண்ணப்பூச்சு உரிகிறதா, அருகில் பழைய பாட்டரிகளை உருக்கும் பட்டறை உண்டா, குழந்தையின் கண்ணுக்குச் சுர்மா இடுவதுண்டா, சமையல் பாத்திரங்கள் எவற்றால் ஆனவை என்று அடுக்கடுக்காகக் கேட்டார். பின்னர் இரத்தத்தில் காரீயம் எவ்வளவு என்று பார்த்துவரச் சொல்லி எழுதிக் கொடுத்தார்.

முடிவு வந்தது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 15 மைக்ரோகிராம். ஒரு கிராமைப் பத்து லட்சம் கூறாக்கினால் வரும் துணுக்குகளில் பதினைந்து! இவ்வளவு சிறிய எண்ணைக் கண்டு அஞ்சுவானேன் என்றுதான் முதலில் எண்ணினேன். மருத்துவர் பொறுமையாக விளக்கினார். காரீயத்தை நம் உடல் சுண்ணாம்புச் சத்து என்று தவறாக எண்ணி எலும்பில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. இரத்தத்தின் செந்நிறப் பொருள் உருவாவதை அது தடுக்கிறது. வளரும் மூளையைக் கெடுக்கிறது. வயது வந்தோர் உட்கொள்ளும் காரீயத்தில் பத்தில் ஒரு பங்கு உடலில் சேருமென்றால், சிறு குழந்தைகளுக்குப் பாதி வரை சேரக்கூடும். இன்ன அளவு வரை தீங்கில்லை என்று சொல்ல ஓர் எல்லையே கிடையாது. 5 மைக்ரோகிராமை எட்டினாலே அது வரும் வழியைக் கண்டறிந்து அடைக்கவேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனம் 2021-இல் வகுத்த நெறி. "இந்த அளவுக்கு மருந்து எழுதித் தருவதற்கில்லை. இது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். அதுதான் மருந்து" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து தாயாரிடம் சொன்னேன். "ஈயமா?" என்று வியந்தார். "மூன்று தலைமுறையாக ஈயச்சொம்பில்தானே அப்பா ரசம் வைக்கிறோம்? ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லையே!" என்றார்.

இங்கே நம் மொழிவழக்கைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஈயம் என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறோம். ஒன்று வெள்ளீயம், மற்றொன்று காரீயம். ரசச்சொம்பும் பித்தளைப் பாத்திரத்தின் கலாயும் வெள்ளீயத்தால் ஆகவேண்டியவை, அதனால் தீங்கில்லை. காரீயமோ நஞ்சு. முன்னோர் அடைமொழி கொடுத்து இரண்டையும் பிரித்துத்தான் வைத்தார்கள். நாம் பேச்சில் அடைமொழியை உதிர்த்துவிட்டோம். "நம் சொம்பு வெள்ளீயம் அம்மா, இது வேறு" என்று அன்று உறுதியாகச் சொன்னேன். தாயார் 1974-இல் திருமணமாகித் தில்லிக்கு வந்தபோது கும்பகோணத்திலிருந்து கொண்டுவந்த சொம்பு 2021 வரை எங்கள் வீட்டில் இருந்தது. ஒருநாள் வெறுஞ்சொம்பை அடுப்பில் மறந்து வைத்ததில் அது உருகி உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பதிலாக இந்நகரத்துக் கடை ஒன்றில் புதிதாக ஒன்று வாங்கினோம். தாயார் அதைக் கையில் தூக்கிப் பார்த்து, "நல்ல கனம், பழையதைவிட நல்ல சரக்கு" என்று மகிழ்ந்தார்கள். அந்த மகிழ்ச்சியை நான் பின்னர் பலமுறை எண்ணிப் பார்க்கவேண்டி வந்தது.

குழந்தை நடமாடும் இடங்களிலிருந்து மண், குழாய்நீர், வண்ணப்பூச்சுத் துகள், பாத்திரங்கள் எல்லாவற்றையும் ஓர் ஆய்வுக்கூடத்தில் கொடுத்துவிட்டு, முடிவுக்குக் காத்திருந்த நாள்களில் இரவுகளில் படிக்கத் தொடங்கினேன். கலைப் பட்டதாரியாகிய எனக்கு வேதியியல் அந்நிய நாடுதான். ஆயினும் தன் குழந்தைக்கு என்றால் எந்த நாட்டு மொழியும் சிறிது புரியத்தான் செய்கிறது. காரீயத்தைத் தேடிப் போன என்னை அந்தப் படிப்பு முதலில் கொண்டுபோய் நிறுத்திய இடம் பனிவெளி!

அமெரிக்காவில் கிளேர் பாட்டர்சன் என்றோர் அறிஞர் இருந்தார். விண்கற்களில் உள்ள காரீயத்தை அளந்து, பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் என்று 1956-இல் நிறுவியவர் அவரே. அந்த அளவையின்போது அவருக்கு ஓயாத தொல்லை ஒன்று இருந்தது. கல்லில் உள்ள காரீயத்தை அளக்கப் போனால், மேசையிலிருந்தும் கண்ணாடிக் குடுவையிலிருந்தும் மூச்சுக்காற்றிலிருந்தும் காரீயம் வந்து கலந்துகொண்டே இருந்தது. ஆய்வுக்கூடத்தைத் துடைத்துத் துடைத்து மாளாமல் போனபோது அவருக்குள் ஓர் ஐயம் எழுந்தது: உலகத்தில் இவ்வளவு காரீயம் எப்பொழுதும் இருந்ததா, அன்றி மனிதன் தூவியதா?

இதற்குச் சான்று எங்கே கிடைக்கும்? பனியில் கிடைக்கும். கிரீன்லாந்தில் ஆண்டுதோறும் விழும் பனி கரைவதில்லை. சென்ற ஆண்டுப் பனியின்மேல் இவ்வாண்டுப் பனி படிந்து இறுகுகிறது. அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிக்கும் எனக்கு அதைப் படித்தபோது நாள் வரிசையில் கட்டிவைத்த ஒரு பெருங்கோப்பே கண்முன் தோன்றியது. ஒரு வேறுபாடு: அந்தக் கோப்பிலிருந்து ஒரு தாளையும் எவரும் உருவ முடியாது. முரோசுமி என்னும் சப்பானிய வேதியியலாருடனும் சௌ என்பாருடனும் சேர்ந்து பாட்டர்சன் அப்பனியை அடுக்கடுக்காக வெட்டி ஆராய்ந்து, 1969-இல் முடிவை வெளியிட்டார். கி.மு. 800-ஐ ஒட்டிய பனியில் இருந்ததைவிட 1965-ஆம் ஆண்டுப் பனியில் காரீயம் 200 மடங்கு மிகுந்திருந்தது. அதிலும் 1940-க்குப் பின் அது செங்குத்தாக ஏறியிருந்தது.

மனிதனே குடியிராத அந்தப் பனிவெளிக்குக் காரீயம் எப்படிப் போயிற்று? பெட்ரோல் வழியாகப் போயிற்று. 1921-ஆம் ஆண்டு டிசம்பரில் தாமஸ் மிட்கிலி என்பார், மோட்டார் எந்திரம் தட்டுகின்ற ஓசையின்றி ஓடுவதற்குப் பெட்ரோலில் ஒரு காரீயக் கூட்டுப்பொருளைக் கலக்கலாம் என்று கண்டார். 1923-இல் அது விற்பனைக்கு வந்தது. காரீயம் என்று சொன்னால் மக்கள் அஞ்சுவர் என்பதனால் போலும், அதற்கு இட்ட பெயர் வெறும் 'எத்தில்' என்பதே. 1924-இல் நியூ செர்சியில் அதைக் கையாண்ட தொழிலாளர்கள் ஐவர் பித்துப் பிடித்தவர்போல் துடித்து மாண்டனர். அதன் பிறகு செய்தியாளர் முன்னிலையில் மிட்கிலி அந்தத் திரவத்தைத் தம் கைகளில் ஊற்றிக் கழுவி, ஆவியை முகர்ந்தும் காட்டினார். அதற்கு முந்தைய ஆண்டில் அவரே காரீய நஞ்சால் நலங்குன்றி ஓய்வெடுக்க நேர்ந்தவர் என்பதை எண்ணுந்தோறும் மனம் கூசுகிறது.

மக்கள் உடலில் உள்ள காரீயம் இயற்கையானதே என்று வாணிகத் தரப்பு அறிஞர்கள் நாற்பதாண்டுகள் சாதித்தார்கள். அது இயற்கையானதன்று என்று பாட்டர்சன் 1965-இல் எழுதினார். எண்ணெய்த் தொழிலார் தந்து வந்த ஆய்வுப் பொருளுதவி நின்றது. காற்றில் கலந்த காரீயத்தைப் பற்றி ஆராய 1971-இல் அமைந்த தேசிய ஆய்வுக் குழுவில், அத்துறையில் அவரைவிட அறிந்தவர் அரிதாக இருந்தும், அவருக்கு இடமில்லை. எனினும் அவர் பின்வாங்கவில்லை. 1970-களின் நடுவிலிருந்து அமெரிக்கா படிப்படியாகக் காரீயப் பெட்ரோலைக் குறைத்து, 1996-இல் சாலை வண்டிகளுக்கு முற்றிலும் விலக்கியது. பாட்டர்சன் அதைக் காண இருக்கவில்லை, 1995-இல் மறைந்தார்.

அந்த வரலாற்றில் ஓர் எண்ணைக் கண்டு நான் திடுக்கிட்டுப்போனேன். 1976 முதல் 1980 வரை அமெரிக்காவில் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளின் இரத்தத்தில் இருந்த காரீயத்தின் சராசரி ஏறத்தாழ 15 மைக்ரோகிராம். என் மகளின் எண்! ஒரு நாட்டுக் குழந்தைகள் எல்லாரும் என் மகளைப்போல் இருந்திருக்கிறார்கள். எல்லாரும் அப்படி இருந்ததனாலேயே எவருக்கும் அது நோயாகத் தோன்றவில்லை.

அப்பொழுது என் சொந்த இளமையும் நினைவுக்கு வந்தது. கரோல்பாகில் பெருஞ்சாலையை ஒட்டிய ஓர் அறையும் சமையற்கட்டுமாகிய வீட்டில் வளர்ந்தவன் நான். ஸ்கூட்டர் ரிக்‌ஷாக்களின் புகைதான் எங்கள் மாலைக்காற்று. சன்னலைத் துடைத்தால் துணி கறுக்கும், மறுநாளும் கறுக்கும். இந்தியாவில் காரீயமற்ற பெட்ரோல் 1995-இல்தான் நான்கு பெருநகரங்களில் வந்தது. தில்லியில் 1998-இலும், நாடு முழுவதும் 2000-த்திலும் காரீயப் பெட்ரோல் நின்றது. பெங்களூரைச் சேர்ந்த ஜார்ஜ் அறக்கட்டளை ஏழு நகரங்களில் நடத்திய ஆய்வை 1999-இல் வெளியிட்டபோது, ஆய்வுக்குட்பட்ட பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் பாதிப்பேருக்கு மேல் 10 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தார்கள். என் தலைமுறையின் இரத்தத்தை எவரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்ன எண் வந்திருக்குமோ!

பெட்ரோல் திருந்தியதும் காற்று விரைவில் தெளிந்தது. மண் தெளியவில்லை. இலை மக்கும், எலும்பு மக்கும், உலோகம் மக்குவதில்லை. சாலையோர மண்ணின் மேற்பரப்பில் படிந்த காரீயம் பல நூற்றாண்டுகள் அங்கேயே தங்கும் என்கிறார்கள். எங்கள் முகப்பில் ஒரு துளசித் தொட்டி உண்டு. அதற்கு மண் வேண்டும் என்று தாயார் கேட்டபோது, பழைய சாலை ஒன்றின் ஓரத்திலிருந்து நானே ஒரு பை நிறைய அள்ளி வந்தேன். தொட்டிக்கு நேர் மேலே சன்னல் சட்டத்தின் பழைய பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தது. வீட்டுப் பூச்சில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருத்தலாகாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசியவற்றுக்கு அது பொருந்துவதெங்ஙனம்? என் மகள் நாள்தோறும் விளையாடிய இடம் அந்தத் தொட்டியடி. ஆய்வுக்கூடத்தின் முடிவில் தொட்டி மண்ணிலும் பூச்சுத் துகளிலும் காரீயம் மிகுந்திருந்தது.

குடிநீர் எங்களைக் கைவிடவில்லை. லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்ற இந்தியத் தர அளவுக்குள்ளேயே அது இருந்தது. ஆனால் இரவு முழுவதும் குழாயில் தங்கியிருந்து விடியலில் முதலில் விழும் நீரில், பிறகு பிடித்த நீரைவிடச் சற்று மிகுதி. காரணம் எளிது: பெரும்பாலும் காரீயம் ஆற்றிலிருந்து வருவதில்லை, குழாயிலிருந்தும் பற்றவைத்த மூட்டிலிருந்தும் பித்தளைத் திருகிலிருந்தும் நீரில் இறங்குகிறது. அமெரிக்காவில் பிளிண்ட் நகரத்தார் 2014-இல் செலவைக் குறைக்கக் குடிநீரை வேறோர் ஆற்றுக்கு மாற்றினார்கள். குழாய் அரிக்காமல் காக்கும் மருந்தைச் சேர்க்கத் தவறினார்கள். பழைய காரீயக் குழாய்கள் அரித்து, அந்நகரத்துக் குழந்தைகளின் இரத்தத்தில் காரீயம் ஏறியதை 2015-இல் மோனா ஹன்னா அத்தீஷா என்னும் குழந்தை மருத்துவர் வெளிப்படுத்தினார். நம் நாட்டிலும் பிளாஸ்டிக் குழாய்களில் சேர்க்கப்படும் காரீயப் பொருளை விலக்க 2021-இல் விதிகள் வந்துள்ளன. இதில் இல்லத்தரசியர் அறியவேண்டியது ஒன்றுண்டு. நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், காரீயம் சாகாது. நீர் ஆவியாகிக் குறையக் குறைய அதன் செறிவு கூடவே செய்யும்.

இனிச் சொம்புக்கு வருகிறேன். பாத்திரங்களை எக்ஸ்-கதிர்க் கருவியால் பார்த்த இளைஞர் எங்கள் புதிய சொம்பை இருமுறை வைத்துப் பார்த்தார். "இது பெரும்பாலும் காரீயம்" என்றார். உருகிப் போன பழைய சொம்பின் கட்டியையும் தாயார் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால் அதையும் கொண்டுபோயிருந்தேன். அது கலப்பற்ற வெள்ளீயம். ஒரே பருமனில் காரீயம் வெள்ளீயத்தைவிட ஒன்றரை மடங்கு எடையுள்ளது. "நல்ல கனம்" என்று நாங்கள் மகிழ்ந்தது நஞ்சின் கனம். புளியின் புளிப்பு பட்டதும் அந்த உலோகம் சிறுகச் சிறுக ரசத்தில் இறங்கியிருக்கிறது. குழந்தைக்கு வயிற்றுவலி வந்த நாள்களில் வேறெதுவும் வேண்டாம், ரசஞ்சாதம் போதும் என்று குழைய விட்டுப் பிசைந்து ஊட்டியவர் என் தாயார்.

அன்றிரவு அவர் உண்ணவில்லை. "நானே என் கையால்..." என்று தொடங்கி அதற்கு மேல் சொல்லமாட்டாமல் சுவரைப் பார்த்து அமர்ந்திருந்தார். மண்ணை அள்ளி வந்தவன் நான். சொம்பை விலை பேசி வாங்கியவனும் நான். அதைச் சொன்னேன். அவருக்கு ஆறுதல் ஆகவில்லை. அறியாமல் செய்த பிழைக்கு ஒரு முதியவள் இரவெல்லாம் விழித்திருந்தாள். அறிந்தே பெயரை மறைத்து விற்றவர்கள் உறங்கத்தான் செய்தார்கள். காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல் என்று பேச்சுக்குச் சொல்வோம். அது எப்படியிருக்கும் என்று அன்று எனக்குத் தெரிந்தது.

தொட்டி மண்ணை மூட்டையாகக் கட்டி அகற்றினோம். பூச்சை உலர்வாகச் சுரண்டாமல், ஈரத்துணி போட்டு, குழந்தையை வேறு வீட்டில் விட்டுவிட்டு நீக்கச் செய்தோம். விடியலில் குழாயைச் சிறிது நேரம் ஓடவிட்டு அந்த நீரைப் பாத்திரம் கழுவ வைத்துக்கொள்கிறோம். ரசம் எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாறியது. மூன்று மாதங்களில் 15 என்பது 11 ஆயிற்று, ஓராண்டில் 6, 2025-இன் தொடக்கத்தில் 4. குழந்தை இப்போது நன்றாக ஓடியாடுகிறாள். எனினும் எலும்பில் புகுந்த காரீயம் பல பத்தாண்டுகள் அங்கே தங்கும் என்பதை அறிவேன். பனி வைத்திருப்பதுபோல் எலும்பும் ஒரு கோப்பை வைத்திருக்கிறது.

எங்கள் வீட்டுக் கதை அரியதொன்றன்று. உலகக் குழந்தைகளுள் மூவரில் ஒருவர்க்கு, ஏறத்தாழ 80 கோடிப் பேருக்கு, இரத்தத்தில் காரீயம் 5 மைக்ரோகிராமை எட்டியோ தாண்டியோ இருக்கிறது என்று ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியம் 2020-இல் அறிவித்தது. ஆகவே, ஊரிலிருந்து வந்த சொம்பையும் இங்கே வாங்கிய சொம்பையும் மூடநம்பிக்கையின்றி ஒருமுறை ஆய்ந்து பார்த்துவிடுங்கள் என்று இம்மலரைப் படிக்கும் குடும்பத்தாரை வேண்டிக்கொள்கிறேன். வெளிறிப் போன குழந்தைக்கு இரும்புச்சத்து மட்டும் கொடுத்துவிட்டு இருந்துவிடாதீர்கள். கடையில் 'ஈயம்' என்று சொன்னால், எந்த ஈயம் என்று கேளுங்கள்.

தாயார் அன்று பனிவெளியில் கேட்ட கேள்விக்கு விடை சொல்லாமல் முடித்தல் முறையாகாது. இமயத்தின் திபெத்துப் பக்கத்தில், 7200 மீட்டர் உயரத்தில் டாசுவோபு என்றொரு பனியாறு உண்டு. அங்கே 1997-இல் துளையிட்டு எடுத்த பனியை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ 1780 முதலே, ஐரோப்பாவில் நிலக்கரி எரிக்கத் தொடங்கிய காலந்தொட்டே, காட்மியம், குரோமியம், நிக்கல் முதலிய உலோகங்களின் சுவடு அப்பனியில் ஏறியிருக்கிறது. நஞ்சாகும் அளவு அன்று; ஆனால் சுவடு இருக்கிறது. என் மகள் உண்ட ஒரு பிடிப் பனி அவளைக் கெடுக்கவில்லை. எனினும் மனிதன் கை படாத பனி என்று ஒன்று இல்லை.

இந்த விடையைத் தாயாரிடம் சொன்னபோது அவர் வாடிப்போனார். உடனே மற்றதையும் சொன்னேன். கிரீன்லாந்துப் பனியை மீண்டும் அளந்து 1991-இல் முடிவை வெளியிட்டார்கள். உலகம் பெட்ரோலைத் திருத்தத் தொடங்கி இருபதாண்டுகளே ஆகியிருந்த அந்நிலையில், புதிதாய் விழுந்த பனியில் காரீயம் ஏழரை மடங்கு குறைந்திருந்தது. கடைசியாக அல்ஜீரியாவும் 2021-இல் காரீயப் பெட்ரோலை நிறுத்திவிட்டது.

தாயார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கும்பகோணத்தில் ஒரு சொம்பு வாங்கலாம். ஆனால் அந்தக் கருவியில் காட்டிய பிறகுதான் அடுப்பில் ஏற்றுவேன்" என்றார்.